திருவருகைக் காலம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பாதியைத் தாண்டினால் போதும், கோயில் வாசலிலும் அன்பியம் என்ற அக்கம்பக்கக் குடும்பங்களின் கூட்டத்திலும் மறைக்கல்வி வகுப்பிலும் அதே சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள் நான். அதனால் பதில்கள் பெரும்பாலும் லத்தீன் வழிபாட்டு முறையை ஒட்டியவை. மற்றச் சபைகளின் வழக்கம் தெரிந்த இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

திருவருகைக் காலம்னா கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு வாரம்தானே? அதுல தனியா என்ன இருக்கு?

அட்வென்ட் என்று சொல்வதும் இதைத்தான். நாலு ஞாயிறு என்பது சரி. ஆனால் இது கிறிஸ்துமஸ் ஏற்பாடுகளுக்காக ஒதுக்கிய மாதம் அல்ல. பெத்லகேமில் நடந்துவிட்ட வருகை, உலக முடிவில் நடக்கப்போகும் வருகை என்று இரண்டையும் இந்தக் காலம் சேர்த்தே பார்க்கிறது. முதல் ஞாயிறு கோயிலில் வாசிக்கும் நற்செய்தியைக் கவனித்துக் கேளுங்கள். அதில் குழந்தையும் இல்லை, இடையர்களும் இல்லை. ஞாயிறு நற்செய்தி மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கு ஒருவராக மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். மத்தேயு ஆண்டில் நோவா காலத்து வெள்ளம் வரும். மாற்கு ஆண்டில், நெடும்பயணம் போன வீட்டுத் தலைவர் எந்த நேரத்தில் திரும்புவாரோ என்று விழித்திருக்க வேண்டிய வாயில்காவலர் வருவார். லூக்கா ஆண்டில், கடலின் கொந்தளிப்பைக் கண்டு மக்கள் கலங்குவார்கள். மூன்றும் சொல்வது ஒன்றுதான்: விழிப்பாயிருங்கள்.

டிசம்பர் 16 வரை இந்த இறுதி வருகைதான் வழிபாட்டில் முன்னால் நிற்கும். 17-ம் தேதியிலிருந்துதான் திருச்சபை பெத்லகேம் பக்கம் திரும்புகிறது. நாமோ நவம்பர் கடைசியிலேயே நேராகக் கிறிஸ்து பிறப்புக் காட்சியை வைக்கும் குடிலுக்குப் போய்விடுகிறோம். இரண்டு வாரத்துக்கும் மேலான நாள்கள் யாரும் தொடாமலேயே கழிந்துவிடுகின்றன. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே அந்த ஆதங்கம்தான்.

வருஷா வருஷம் தேதி மாறுதே, எப்படிக் கணக்குப் போடுறது?

நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் எந்த ஞாயிறு வருகிறதோ அதுவே முதல் ஞாயிறு. ஆகவே நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில்தான் எப்போதும் தொடங்கும். 2026-ல் நவம்பர் 29, 2027-ல் நவம்பர் 28, 2028-ல் டிசம்பர் 3. கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் முழுசாக 28 நாள் கிடைக்கும். திங்கட்கிழமையில் வந்தால் 22 நாள்தான். முடிவது டிசம்பர் 24 மாலை. திருவழிபாட்டு ஆண்டும் இந்த முதல் ஞாயிறன்றுதான் பிறக்கிறது.

சாமியார் ஊதா உடை போடுறாரே, அப்போ இது இன்னொரு தவக்காலமா?

நிறம் ஒன்று, மனநிலை வேறு. தவக்காலத்தில் அல்லேலூயாவை நிறுத்திவிடுவோம். திருவருகைக் காலத்தில் அது தொடரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘உன்னதங்களிலே’ கீதம் மட்டும் இருக்காது. வானதூதர்கள் இடையர்களுக்குப் பாடிய பாட்டு அது. கிறிஸ்துமஸ் இரவில் மறுபடி எழும்பும்போது புதிதாகக் கேட்க வேண்டும் என்றே அதை விட்டு வைக்கிறோம். பீடத்தில் பூ வைக்கலாம், இசைக்கருவிகள் வாசிக்கலாம். ஆனால் கிறிஸ்து பிறப்பின் முழு மகிழ்ச்சியை முந்திக்கொள்ளாத அளவுக்கு, அடக்கமாக. திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையே இதைச் சொல்கிறது.

மூன்றாம் ஞாயிறு இளஞ்சிவப்பு உடை அணியலாம். பிலிப்பியருக்கு எழுதிய மடலில் பவுல் ‘ஆண்டவரோடு இணைந்து மகிழுங்கள்’ என்கிறாரே, அதுதான் அன்றைய தொனி. பாதி வழி தாண்டிவிட்டோம் என்று சொல்லும் ஞாயிறு அது. எல்லாப் பங்குகளிலும் அந்த நிற உடை இருக்காது. இல்லையென்றால் ஊதாவே போதும்.

நாலு மெழுகுதிரி வளையம் வைக்கிறது கட்டாயமா? ஒவ்வொரு திரிக்கும் என்ன அர்த்தம்?

கட்டாயம் இல்லை. 1839-ல் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தித் தொங்கவிட்டார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி, மற்ற நாள்களுக்குச் சின்னச் சிவப்புத் திரி. கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ என்று பிள்ளைகள் நச்சரித்ததால் அப்படிச் செய்தாராம். கத்தோலிக்கக் கோயில்களுக்குள் அது வந்தது 20-ம் நூற்றாண்டில்தான். எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று திரிகளுக்குச் சொல்லும் பொருளும் மக்கள் வழக்கமே. பங்குக்குப் பங்கு மாறும். ‘எங்க கோயில்ல வேற மாதிரி சொன்னாங்களே’ என்று குழம்ப வேண்டாம்.

வீட்டில் செய்வது சுலபம். ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் கொஞ்சம் மணல் பரப்பி, நாலு திரிகளை ஊன்றி, சுற்றிலும் சவுக்குக் கிளை வையுங்கள். சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்து பழுப்பாகிவிடும். காய்ந்த ஊசியிலை குப்பென்று பற்றிக்கொள்ளும். அதனால் ஞாயிறுதோறும் புதுக் கிளை மாற்றுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வீட்டில் சின்னப் பிள்ளை கையால் ஏற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும். முதல் வாரம் ஒரே ஒரு திரி எரியும்போது மற்ற மூன்றும் திரி கருகாமல் வெள்ளையாக நிற்கும். ‘அதையும் ஏத்தலாமே’ என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். ‘அடுத்த ஞாயிறு’ என்று சொல்லுங்கள். திருவருகைக் காலத்தைப் பற்றி ஒரு பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

நோன்பு இருக்கணுமா? கறி சாப்பிடலாமா?

லத்தீன் முறையில் இப்போது சட்டப்படி நோன்பு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கறி விலக்குவது போன்ற வழக்கமான ஒறுத்தல் மட்டும் உண்டு. ஆனால் பழைய காலத்தில் இருந்தது. 5-ம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பு என்று வகுத்தார். அந்த நினைவுதான் இன்னும் ஊதா நிறமாக மிச்சம் இருக்கிறது.

சுரியானி மரபுச் சபைகளில் இன்றும் நோன்பு உண்டு. டிசம்பர் 1 முதல் 25 வரை இறைச்சி, மீன் விலக்கும் ‘இருபத்தைந்து நோன்பு’ அது. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் இந்தக் குடும்பங்கள் நிறைய. பக்கத்து வீட்டில் டிசம்பர் முழுக்க மீன் வாங்கவில்லையே என்று வியந்தவர்களுக்கு விளக்கம் இதுதான். நீங்களும் இருக்க விரும்பினால் தாராளமாக இருங்கள். மிச்சமாகும் காசு அதே வாரம் இல்லாதவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.

எங்க பெந்தெகொஸ்தே நண்பர், பைபிள்ல அட்வென்ட்னு ஒண்ணும் இல்லையேங்கிறார். என்ன பதில் சொல்றது?

அப்படி ஒரு காலத்தின் பெயர் பைபிளில் இல்லைதான், ஒத்துக்கொள்ளுங்கள். அது திருச்சபையின் ஏற்பாடு. 380-ல் ஸ்பெயினின் சரகோசாவில் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 முதல் திருக்காட்சி விழா (ஜனவரி 6) வரை யாரும் கோயிலுக்கு வராமல் இருக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உருவானது இது. சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைகளும் அனுசரிக்கின்றன.

ஆனால் உள்ளே இருப்பது முழுக்கப் பைபிள்தான். பாலைநிலத்தில் ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்கச் சொல்லும் இறைவாக்கினர் எசாயா, யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவான், நாசரேத்தில் மரியா. பைபிளின் கடைசிப் பக்கத்திலேயே ‘ஆண்டவராகிய இயேசுவே, வாரும்’ என்ற வேண்டுதல் இருக்கிறது. நண்பரோடு வாதாட வேண்டாம். எசாயா 40-ம் அதிகாரத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள்.

ஸ்டார் எப்போ கட்டலாம்? குடில் எப்போ வைக்கலாம்?

இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. டிசம்பர் 1 அன்று நட்சத்திரம் கட்டுவது நம் ஊர் வழக்கம். அதில் தவறு இல்லை. இருட்டில் ஒரு வெளிச்சம் என்ற அளவில் அது திருவருகைக் காலத்துக்குப் பொருந்தும். குடிலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள் என்பேன். முதலில் புல்லும் மண்ணும். அப்புறம் மாடு, ஆடுகள். 17-க்குப் பிறகு மரியாவும் யோசேப்பும். குழந்தையை 24 இரவு பூசை முடிந்து வந்த பிறகு வையுங்கள். 1223-ல் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் ஏற்பாடு செய்த குடிலில் முதலில் இருந்ததும் வைக்கோலும் மாடும் கழுதையும்தான்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் காலம் 25-ம் தேதி மதியச் சாப்பாட்டோடு முடிவதில்லை; ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை போகும். 26-ம் தேதியே நட்சத்திரத்தைக் கழற்றாதீர்கள்.

கேரல்ஸ் டிசம்பர் முதல் வாரமே ஆரம்பிச்சிடுறாங்களே, அது சரியா?

பெரிய பங்கு, தெரு நிறைய, பாடுபவர்கள் கொஞ்சம் என்றால் சீக்கிரம் தொடங்கத்தான் வேண்டியிருக்கும். என் கருத்து, முடிந்தவரை 17-க்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. முன்னதாகவே போவதானால், முதல் வாரங்களில் காத்திருப்பைப் பாடும் பாட்டுகளைப் பாடி, ஒரு சின்ன வாசகம் வாசித்து, அந்த வீட்டுக்காரர்களுக்காகச் செபித்துவிட்டு வாருங்கள். படுக்கையில் கிடக்கும் பாட்டி வீட்டில் அவருக்குத் தெரிந்த பழைய பாட்டு ஒன்றைப் பாடிப் பாருங்கள், உதடு கூடவே அசையும். அந்த ஒரு வீட்டுக்காகவே பவனி போகலாம்.

டிசம்பர் நடுவில் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு. இரவு பத்து மணிக்குத் தெருவில் ஒலிபெருக்கி வேண்டாம்.

வேலை, பிள்ளைங்க, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, முறுக்குச் சுடுறது... நேரமே இல்ல. குறைஞ்சது என்ன செய்யலாம்?

நாளுக்குப் பத்து நிமிடம். அன்றைய நற்செய்தியை, முடிந்தால் எசாயா வாசகத்தையும், ஒரு முறை மெதுவாக வாசியுங்கள். மதியம் மணி அடிக்கும்போது மூவேளைச் செபம் சொல்லுங்கள். வானதூதர் மரியாவிடம் வந்த நிகழ்ச்சியையே நினைவுகூரும் செபம் அது, இந்தக் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பேருந்திலும் சொல்லலாம்.

வீட்டு வேலையையும் தனியாகப் பிரிக்க வேண்டாம். ‘நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று மக்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்டபோது அவர் நீண்ட செபம் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவரோடு பகிரச் சொன்னார். வரி வசூலிப்பவரிடம் கூடுதலாகப் பிடுங்காதே என்றார் (லூக்கா 3). வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்கிறீர்கள் அல்லவா? அப்போதே நல்ல சேலை, நல்ல சட்டை இரண்டைத் தனியே எடுத்து வையுங்கள். கிழிந்ததை அல்ல. வெள்ளையடிக்க வந்தவருக்குப் பேசிய கூலியைப் பேரம் பேசாமல் அன்றைக்கே கொடுங்கள். யோவான் கேட்டது இந்த மாதிரிக் காரியங்களைத்தான்.

பாதி நாள் போயிடுச்சு. இனிமே தொடங்கி என்ன பிரயோசனம்?

டிசம்பர் 17 இருக்கிறதே. அன்று முதல் 23 வரை மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன், நாளுக்கு ஒரு பெயர் சொல்லி மீட்பரை அழைக்கும் மிகப் பழைய முன்மொழிகள் உண்டு. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே என்று ஏழு நாள், ஏழு பெயர். ஒவ்வொன்றும் ‘வாரும்’ என்றே வேண்டுகிறது. இரவு சாப்பாட்டுக்கு முன் அன்றைய பெயரைச் சொல்லி, மரியாவின் பாடலை (லூக்கா 1:46-55) குடும்பமாக வாசியுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. மரியாவைப் பற்றிய திருப்பலிகளை மெழுகுதிரி வெளிச்சத்தில் விடியுமுன் கொண்டாடுவது போலந்து, ஆஸ்திரியா பக்கத்து வழக்கம். பிலிப்பைன்ஸில் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் அதிகாலைத் திருப்பலி. கடைசி ஒன்பது நாளில் ஒரு நாடே எழுந்துகொள்கிறதென்றால் நாமும் தொடங்கலாம்.

பாவசங்கீர்த்தனம் பண்ணி வருஷக்கணக்கா ஆச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

‘சாமி, நான் வந்து பல வருஷம் ஆச்சு, முறை மறந்துபோச்சு’ என்று சொல்லியே தொடங்குங்கள். மீதியை அவரே நடத்திக்கொடுப்பார். மனத்துயர் செபம் மறந்திருந்தால் சொந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்கலாம். போவதற்கு முன் யாரிடம் பேசாமல் இருக்கிறேன், யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருக்கிறேன் என்ற இரண்டையும் யோசித்துப் பார்த்தால் மற்றவை தானாக நினைவுக்கு வரும்.

24-ம் தேதி மாலை வரிசையில் நிற்காதீர்கள். உங்களுக்கும் அவசரம், அவருக்கும் அவசரம். பங்கில் பல குருக்களை அழைத்துப் பாவசங்கீர்த்தனத்துக்கென ஒப்புரவு வழிபாடு வைக்கும் நாளில், அல்லது இரண்டாம் வாரத்தின் ஒரு சாதாரண மாலையில் போங்கள்.

இந்தக் காலத்துல கல்யாணம் வைக்கலாமா?

1917 திருச்சபைச் சட்டத் தொகுப்பு திருவருகைக் காலத்தில் திருமணத்தின் ஆடம்பர ஆசியை விலக்கியிருந்தது. 1983 தொகுப்பில் அந்த விலக்கு இல்லை. ஆனாலும் நம் பங்குகள் பலவற்றில் இந்தக் காலத்தில் திருமணம் வைப்பதில்லை. அதை மதிப்பதே முறை. வெளிநாட்டு விடுப்பு போன்ற நெருக்கடி இருந்தால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். அனுமதி கிடைத்தால் பூ அலங்காரம் முன்னே சொன்ன அடக்கத்தோடு இருக்கட்டும்.

சவேரியார் திருவிழா, அமலோற்பவ மாதா திருவிழா எல்லாம் இதுக்குள்ள வருதே? அப்புறம் 24-ம் தேதி ஞாயிறா வந்தா?

கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் நிறைவாகும். மாதா திருவிழா டிசம்பர் 8. இரண்டும் இந்தக் காலத்தின் சொத்துதான். ஆனால் திருவருகை ஞாயிறோடு பெருவிழா மோதினால் ஞாயிறுக்கே முதலிடம். 2024-ல் டிசம்பர் 8 ஞாயிறாக வந்ததால் பொது நாள்காட்டியில் மாதா பெருவிழா 9-ம் தேதிக்குத் தள்ளிப்போனது.

24 ஞாயிறாக வந்தால் அன்று நாலாம் ஞாயிறு. அதற்கு ஒரு திருப்பலி, கிறிஸ்து பிறப்புக்கு இன்னொன்று. நடுச்சாமப் பூசை ஒன்றே இரண்டுக்கும் ஆகாது. 2023-ல் இப்படி வந்தது, அடுத்து 2028.

இந்த வருஷம் வீட்டுல ஒரு சாவு. ஸ்டார் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாதுங்கிறாங்க. நாங்க என்ன அனுசரிக்கிறது?

கிறிஸ்துமஸ் கொண்டாட மனம் வரவில்லை என்றால் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் நட்சத்திரம் கட்டக் கூடாது என்பது ஊர் வழக்கமே தவிர, திருச்சபை சொன்னதல்ல. கட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். திருவருகைக் காலமோ உங்களுடையதுதான். துக்கத்தில் இருப்பவர்களுக்காகவே எழுதியதுபோல் ‘என் மக்களுக்கு ஆறுதல் கூறுங்கள்’ என்றுதான் எசாயா 40 தொடங்குகிறது.

2017 நவம்பர் 30-ல் ஓக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியது. டிசம்பர் 3 திருவருகை முதல் ஞாயிறு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரைகளில் மக்கள் கடலைப் பார்த்து நின்றார்கள். பெண்கள் கணவனின் பெயரையும் படகின் பெயரையும் சொல்லி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்தார்கள். பலர் திரும்பவே இல்லை. அந்த ஆண்டு அந்தக் கரைகளில் ‘விழிப்பாயிருங்கள்’ என்ற நற்செய்தியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. இறந்தவர்கள் உயிர்த்தெழும் நாளைத்தான் இரண்டாம் வருகை என்கிறோம். உங்கள் வீட்டில் காலியாக இருக்கும் நாற்காலியின் பக்கத்தில் ஒரு திரியை ஏற்றி, போனவரின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். வேறொன்றும் செய்ய முடியவில்லை என்றால் அதுவே போதும்.

அவர்தான் ஏற்கெனவே பிறந்துட்டாரே. மறுபடி வர்றேன்னவர் ரெண்டாயிரம் வருஷமா வரல. எதுக்குக் காத்திருக்கிறோம்?

நேர்மையான கேள்வி, திருச்சபையின் முதல் தலைமுறையே கேட்டது. பேதுருவின் இரண்டாம் மடல் இதற்கு நேராகப் பதில் சொல்கிறது: ஆண்டவருக்கு ஒரு நாள் ஆயிரம் ஆண்டுகள் போல, அவர் தாமதிக்கவில்லை, யாரும் அழிந்துவிடாமல் மனம் மாற வேண்டும் என்று பொறுத்திருக்கிறார்.

12-ம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துப் பெர்நார்து தம் துறவியருக்கு மூன்று வருகைகளைப் பற்றிச் சொன்னார். முதலாவது உடலெடுத்து, எளிமையில். கடைசியாக மாட்சியில். நடுவில் ஒன்று, யாருக்கும் தெரியாமல், உள்ளத்துக்குள். பிறப்பு முடிந்துவிட்டது, முடிவு நம் கையில் இல்லை. இந்த நடு வருகை மட்டும் இன்றைக்கு நடக்கக்கூடியது. மேலே சொன்ன பத்து நிமிடம், அலமாரித் துணி, பாவசங்கீர்த்தனம் எல்லாம் அதற்கு இடம் ஒதுக்கத்தான்.

எல்லாம் செய்றேன், ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணும் தோணல. நம்பிக்கையே ஆட்டம் காணுது. நான் ஆயத்தமா இல்லையா?

மத்தேயு ஆண்டில் மூன்றாம் ஞாயிறு, அதாவது மகிழுங்கள் என்று சொல்லும் அதே ஞாயிறன்று, திருச்சபை எந்த நற்செய்தியை வாசிக்கிறது தெரியுமா? ஏரோதின் சிறையிலிருந்து யோவான் ஆள் அனுப்பி, ‘வரவிருப்பவர் நீர்தாமா, இல்லை வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா?’ என்று கேட்கும் பகுதியை. ‘இதோ, கடவுளின் ஆட்டுக்குட்டி’ என்று இயேசுவை விரல் நீட்டிக் காட்டியவரே கேட்கிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றவர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றவர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று கண்ணால் கண்டதைப் போய்ச் சொல்லச் சொல்கிறார். பெண்களிடம் பிறந்தவர்களுள் யோவானைவிடப் பெரியவர் யாருமில்லை என்று கூட்டத்துக்கு முன் புகழ்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே உணர்ச்சி வருகிறதா என்று உங்களையே சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். மத்தேயு 11:2-11 வரை வாசித்துவிட்டு, யோவான் கேட்ட அதே கேள்வியை நீங்களும் செபத்தில் கேளுங்கள். மனம் கனமாகவே இருந்தால் பங்குத்தந்தையிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ போய்ப் பேசுங்கள். யோவானும் தனியாக வைத்துக்கொள்ளாமல் இன்னொருவர் வழியாகத்தான் கேட்டனுப்பினார்.